ஹாம்லெட்டுக்குப் பைத்தியமா, வேடமா? இந்தக் கேள்வியை நான் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கிலம் முதல் ஆண்டில், ஷேக்ஸ்பியர் தாளுக்கு வைத்த முதல் உள்தேர்வில் இந்தக் கேள்விதான் வந்தது: ஹாம்லெட்டின் பைத்தியம் உண்மையா, நடிப்பா? நான்கு பக்கம் எழுதினேன். கைடில் இருந்ததை வரி பிசகாமல் எழுதினேன். பத்துக்கு மூன்று கிடைத்தது. விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியை ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'எந்தக் காட்சியில்?'

அன்றைக்கு மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் கேட்டது சரிதான். சில விமர்சகர்கள் உண்மை என்கிறார்கள், சிலர் நடிப்பு என்கிறார்கள், இரண்டும் கலந்தது என்று முடிவு கட்டலாம் என்றுதான் எழுதியிருந்தேன். நாடகத்திலிருந்து ஒரு காட்சியைக்கூடத் தொடவில்லை. ஹாம்லெட் யாரிடம் பேசினான், எப்போது பேசினான் என்று ஒரு வரி இல்லை. இப்போது இந்தத் தாளுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் நோட்ஸ் கேட்கிறார்கள். நோட்ஸைவிட, நான் படித்த விதத்தைச் சொல்வதுதான் உதவும் என்று நினைக்கிறேன். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஹாம்லெட் டென்மார்க் இளவரசன், செத்துப்போன அப்பாவின் ஆவி வந்து, தன்னைக் கொன்றது தம்பி கிளாடியஸ்தான் என்கிறது; அந்தக் கிளாடியஸ்தான் இப்போது ராஜா, ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூடையும் கட்டிக்கொண்டவன்.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர் நாடகம். மேலூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகம் நடக்கும், பெரும்பாலும் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த அந்த நாடகத்தை எத்தனை தடவை போட்டாலும் எங்கள் ஊரில் கூட்டம் குறையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நான் பத்தாவது படித்த வருடம். முருகன் கிழவனாக வேடம் போட்டு வந்து, தினைப்புனத்தில் வள்ளியிடம் தினைமாவு வாங்கிச் சாப்பிட்டு, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற இடம். ராஜபார்ட் நன்றாக விக்கினார், நன்றாக இருமினார், கூட்டம் சிரித்தது. அடுத்த இருமலுக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அப்பத்தா மட்டும் எழுந்துவிட்டார். "ஏய், அவருக்கு நெசமாவே புரையேறிருச்சு, தண்ணி கொண்டு போங்கடா" என்று சத்தம் போட்டார். ஆர்மோனியக்காரர் சொம்பை நீட்டினார். அப்பத்தா சொன்னது உண்மைதான். மனிதருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நடிக்கிற இருமல் நம்மளப் பாத்து வரும் ஆத்தா. நெச இருமலுக்கு மொகத்தைத் திருப்பிக்கிருவான்" என்றார்.

மூன்று மதிப்பெண் வாங்கிய பிறகு ஒருநாள், நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஹாம்லெட்டை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்தது. அன்றே நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: காட்சி, உடன் இருப்பவர், செய்யுளா உரைநடையா, அவன் சொன்னது. ஐந்து அங்கங்களையும் இப்படிக் குறித்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. நீங்களும் செய்யுங்கள். கைடில் இந்தக் கட்டம் கிடைக்காது, நாமே போட்டால்தான் மனதில் நிற்கும்.

முதலில் கண்ணில் படுவது இது. தனியாக இருக்கும்போது ஹாம்லெட் ஒரு தடவைகூடப் பைத்தியமாகப் பேசுவதில்லை. அவனுடைய தனிமொழிகள் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். துக்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தன் மேலேயே வெறுப்பு இருக்கிறது, உளறல் இல்லை. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியின் முடிவை இதற்காகவே நன்றாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை மந்திரி பொலோனியஸ் வந்து, அரசி அழைக்கிறார் என்கிறார். ஹாம்லெட் மேகத்தைக் காட்டி ஒட்டகம் மாதிரி இல்லையா என்கிறான். ஆமாம் என்கிறார் கிழவர். மரநாய் மாதிரி என்கிறான், அதற்கும் ஆமாம். திமிங்கிலம் என்கிறான், அதற்கும் ஆமாம். எல்லாரையும் போகச் சொல்லிவிட்டுத் தனியாக நின்ற அடுத்த நொடியே பேச்சு செய்யுளுக்கு மாறுகிறது. தாயிடம் வார்த்தையால் குத்துவேன், கத்தியை எடுக்க மாட்டேன் என்று தெளிவாகத் திட்டம் சொல்கிறான். ஆள் போனதும் வேடம் கழன்றுவிட்டது. கேள்வியின் பாதிக்கு இந்த ஓர் இடமே சாட்சி.

இதோடு சேர்க்க வேண்டியவை சுலபமானவை. முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில், ஆவியைப் பார்த்த கையோடு, இனி 'ஆன்டிக் டிஸ்பொசிஷன்', அதாவது பைத்திய வேடம், பூணுவேன், அப்போது என் ரகசியம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள் என்று நண்பன் ஹொரேஷியோவிடமும் காவலன் மார்செலஸிடமும் சத்தியம் வாங்குகிறான். இரண்டாம் அங்கத்தில் பழைய நண்பர்கள் இருவரிடம், வடக்கு வடமேற்குக் காற்று அடித்தால் மட்டும்தான் எனக்குப் பைத்தியம், தெற்கிலிருந்து அடித்தால் பருந்துக்கும் ரம்பத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்கிறான். இந்தப் பைத்தியத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பவர் பொலோனியஸ். பெரிய இடத்துப் பைத்தியத்தைக் கண்காணிக்காமல் விடக்கூடாது என்பவன் கிளாடியஸ். ஆசிரியர், பேராசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி., நெட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு யார் சொன்னது என்கிற இந்த வகைக் கேள்விதான் வரும். எந்த அங்கம் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நாடகம் அச்சான 1603, 1604-05 குவார்ட்டோ (சிறிய அளவு) பதிப்புகள், 1623 ஃபோலியோ (பெரிய அளவுத் தொகுப்பு), இந்த ஆண்டுகளும் கையில் இருக்கட்டும்.

செய்யுள், உரைநடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உரைநடையில் பேசினால் பைத்திய வேடம், செய்யுளில் பேசினால் தெளிவு என்று சூத்திரம் மாதிரி எழுதிவிடாதீர்கள். நாடகக்காரர்களுக்கு எப்படி நடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்போதும், குழிவெட்டுபவனோடு பேசும்போதும் ஹாம்லெட் உரைநடைதான் பேசுகிறான், தெளிந்த புத்தியோடு பேசுகிறான். அவனுடைய பைத்தியப் பேச்சு உரைநடையில் அமைவது உண்மை. ஆனால் அவன் பேசும் உரைநடை எல்லாம் பைத்தியப் பேச்சு இல்லை.

சரி, எதற்காக இந்த வேடம்? நல்ல விடைக்கும் சாதாரண விடைக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். ஷேக்ஸ்பியருக்கு முன்பே டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமாட்டிக்கஸ் எழுதி வைத்த டேனிஷ் கதையில் ஆம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அதில் அப்பாவைக் கொன்றது யார் என்பது ஊருக்கே தெரியும். பையனை விட்டு வைத்தால் பழிவாங்குவான் என்று சித்தப்பன் கொல்லப் பார்ப்பான். அதனால் புத்தி கெட்டவன் போல நடிப்பது அவனுக்கு உயிர்க்கவசம். ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம். கிளாடியஸ் யாரையும் சந்தேகிக்கவில்லை. ஹாம்லெட் பைத்தியம் போல நடந்துகொண்ட பிறகுதான் அவனுக்குச் சந்தேகமே வருகிறது. அதாவது பழைய கதையில் காப்பாற்றிய வேடம் இங்கே காட்டிக்கொடுக்கிறது. 1765-இல் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் இதைத்தான் குறையாகச் சொன்னார்: இந்த நடிப்புக்குப் போதிய காரணமே தெரியவில்லை, தெளிவானவனாகவே இருந்து செய்ய முடியாத எதையும் ஹாம்லெட் செய்யவில்லை என்று.

எனக்கு இது குறையாகப் படவில்லை. முதல் அங்கம் இரண்டாம் காட்சிக்குப் போங்கள், ஆவி வருவதற்கு முன்பு. கறுப்பு உடையோடு நிற்கிற மகனிடம், சாவு எல்லாருக்கும் பொதுதானே, உனக்கு மட்டும் ஏன் தனியாகத் தோன்றுகிறது என்கிறாள் தாய். தோன்றுகிறதா, எனக்குத் தோன்றுவதெல்லாம் தெரியாது, இருப்பதுதான் தெரியும் என்கிறான். உடையும் கண்ணீரும் யாரும் நடித்துக் காட்டக்கூடியவை, என் உள்ளே இருப்பது அதைத் தாண்டியது என்கிறான். அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அரண்மனையில் கல்யாண விருந்து நடக்கிறது, அழ அவனுக்கு இடம் இல்லை. பைத்தியம் என்று பேர் எடுத்தவனுக்கு மட்டும்தான் அந்த வீட்டில் வாய்விட்டுப் பேச உரிமை. வேடம் பொய், ஆனால் வேடத்துக்குள்ளிருந்து வருகிற துக்கம் வேடத்துக்கு முந்தியது. ஏ.சி. பிராட்லி 1904-இல் இதைப் பைத்தியம் என்று சொல்லாமல் மெலங்கலி (ஆழ்ந்த மனச்சோர்வு) என்று சொன்னதை இந்த இடத்தில் சேர்த்தால் பொருத்தமாக இருக்கும். விமர்சகர் பெயரை முதல் பத்தியிலேயே கொட்டாதீர்கள். காட்சியைச் சொல்லிவிட்டு, அதற்குத் துணையாகப் பெயரைச் சொல்லுங்கள்.

இனி அப்பத்தாவின் அளவுகோலுக்குச் சுலபமாக அடங்காத மூன்று இடங்கள். பலர் பயந்து விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

ஒன்று, ஒஃபீலியாவின் அறை. பொலோனியஸின் மகள் அவள், ஹாம்லெட் விரும்பிய பெண். மேடையில் நடப்பதில்லை, அவள் அப்பாவிடம் வந்து சொல்வதுதான். சட்டை திறந்து கிடக்கிறது, காலுறை அழுக்காகித் தொங்குகிறது, முழங்கால் நடுங்குகிறது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கை நீளத்துக்குத் தள்ளி நின்று, முகத்தையே பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்தபடியே வாசலைக் கடக்கிறான். சொல்லிவிடுவாள் என்று தெரிந்து நடித்தானா, விடைபெற வந்தானா? விடைபெற வந்தான் என்பது என் எண்ணம். வேடத்தில் இருக்கும்போதெல்லாம் ஓயாமல் பேசுகிறவன் இங்கே வாயே திறக்கவில்லையே. நீங்கள் மாற்றி நினைத்தால் அதற்குக் காரணம் எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

இரண்டு, தாயின் அறை. பொலோனியஸ் அப்போதுதான் ஹாம்லெட் கையால் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். ஆவி வருகிறது. முதல் அங்கத்தில் காவலர்களும் ஹொரேஷியோவும் பார்த்த ஆவி, இப்போது கெர்ட்ரூடின் கண்ணுக்குத் தெரியவில்லை. மகனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைக்கிறாள். என் நாடி உன் நாடி மாதிரியேதான் துடிக்கிறது, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல், சொல்கிறேன் என்கிறான் அவன். வேறு யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

மூன்று, ஐந்தாம் அங்கத்தில் ஒஃபீலியாவின் அண்ணன் லேயர்டிஸிடம் கேட்கிற மன்னிப்பு. உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, அவனுடைய பைத்தியம், அந்தப் பைத்தியம் அவனுக்கும் எதிரி என்கிறான். தாயிடம் நான் பைத்தியம் இல்லை, தந்திரமாக நடிக்கிறேன் என்றவன் இங்கே பைத்தியத்தின் மேல் பழியைப் போடுகிறான். ஜான்சனுக்கு இது பிடிக்கவில்லை, வீரனுக்குப் பொய்யில் ஒளிவது அழகில்லை என்றார். எனக்கு இன்னும் மனது ஆறாத இடம் இது. வேடத்தைக் கழற்றிய பிறகு, அது போட்டிருந்தபோது கை செய்ததற்கு யார் பொறுப்பு என்று அவனுக்கே தெரியவில்லை என்று எழுதினேன்.

இவ்வளவுக்கும் எதிரே ஒஃபீலியாவை நிறுத்துங்கள். நான்காம் அங்கம் ஐந்தாம் காட்சி. அவளுக்கு யார் இருந்தாலும் ஒன்றுதான், ராஜாவும் ஒன்றுதான், அண்ணனும் ஒன்றுதான். யாரையும் ஏமாற்ற அவள் பாடவில்லை. ரோஸ்மேரி ஞாபகத்துக்கு என்று பூவைக் கொடுக்கிறாள், வயலட் கொடுத்திருப்பேன், அப்பா இறந்தபோது எல்லாம் வாடிவிட்டன என்கிறாள். அவனுக்கும் அப்பா கொலையானார், இவளுக்கும் அப்பா கொலையானார். அவன் நடித்தான், இவளுக்கு உண்மையிலேயே கலங்கிவிட்டது. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். பைத்தியம் எப்படி இருக்கும் என்று ஷேக்ஸ்பியருக்குத் தெரியும் என்பதற்கு அவளே சாட்சி.

நேரக் கணக்கு: கட்டுரைக் கேள்விக்கு நாற்பது நிமிடம் வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் காட்சிகளை மட்டும் பென்சிலில் குறித்தேன். மேகக் காட்சியில் தொடங்கி, ஆம்லெத் கதை, கறுப்பு உடை, மூன்று சிக்கலான இடங்கள், ஒஃபீலியா என்று போனேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் திண்ணையில் அப்பத்தாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். ஹாம்லெட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை பாடிக்கிட்டுத் திரிஞ்சப்ப ஒருத்தரும் பிடிச்சு உக்கார வைக்கலையா?" என்றார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தேன். பின்னாலேயே போங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிளாடியஸ் சொல்லியிருக்கிறான், அவள் பின்னால் ஆளும் போயிருக்கிறது. அவளைப் பற்றி அடுத்து நமக்கு வருகிற செய்தி, ஓடையில் மூழ்கிவிட்டாள் என்பது. விழுந்தது, உடை சற்று நேரம் மிதக்க வைத்தது, அவள் பாடிக்கொண்டே இருந்தது எல்லாவற்றையும் கெர்ட்ரூட் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிறாள். நடித்தவனைக் கண்காணிக்கச் சுவருக்குச் சுவர் ஆள் வைத்த அரண்மனை, உண்மையிலேயே புத்தி கலங்கியவளை அந்த ஓடை வரைக்கும் போக விட்டது. அப்பத்தாவின் கேள்வியை வைத்துத்தான் கடைசிப் பத்தியை எழுதினேன்.