மரேகே கரையிலிருந்து

டிசம்பர் 4
காற்று திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடகரையில், இந்த நுலன்பாயில் யார் வீட்டுத் துணியும் காயவில்லை.
அப்பா போனில் கேட்டார்: "கச்சானா, வாடையா?" மேற்கே இருந்து வரும் கச்சானுக்கும் வடக்கே இருந்து வரும் வாடைக்கும் நடுவில், வடமேற்கு என்றேன். இந்தக் காற்றைப் பிடித்துத்தான் அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து பாய்க்கப்பல்கள் இந்தக் கரைக்கு வரும், அவர்கள் வாயில் இது மரேகே; கிழக்கிலிருந்து கொண்டல் கிளம்பும் ஏப்ரல் வரை இருக்கும். எதுக்கு வந்தான் என்றார். அட்டைக்கு என்றேன். "நம்ம கடல் அட்டைக்கா!"

டிசம்பர் 5
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

டிசம்பர் 9
உடம்பைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அட்டை என்றால் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். குடலை எடுத்து, அவித்து, மணலில் குழி தோண்டிப் புதைத்து, மேல்தோல் கழன்றதும் மறுபடி அவிப்பது. தொண்டியில் அவர் செய்த அதே வேலை. இங்கே மட்டும் இரண்டாவது தடவை அவிக்கும்போது அலையாத்தி மரப்பட்டை போட்டு நிறம் ஏற்றி, கொட்டகையில் புகை போட்டு உலர்த்தினார்கள். "மழைக்காலமில்ல, வெயிலுக்கு எங்க போவான்" என்று அவரே காரணம் சொன்னார். சரக்கு சீனாவுக்கு.

டிசம்பர் 14
பெர்மிட் வாங்கி வுர்வுர்வுய் போனோம். இந்தக் கரையின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் தரையில் கல் அடுக்கி வரைந்த கப்பல்கள். வெளிக்கோடு மட்டுமல்ல, உள்ளே தடுப்புத் தடுப்பாக அறைகள். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களால் இப்படி அடுக்க முடியாது. ஏறி இறங்கியவர்கள், சிலர் மக்காசார் வரைக்கும் போய்வந்தவர்கள். மக்காசார்க்காரர்களோடு சேர்ந்து அட்டை எடுத்தார்கள், ஆமை ஓடு கொடுத்தார்கள், அரிசியும் துணியும் இரும்புக் கத்தியும் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் இவர்களுக்கு வெளியுலகம் தெரிந்தது என்று இனி யார் சொன்னாலும் சண்டை போடுவேன். 1803 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல் கேப்டன் மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் இந்தப் பக்கம் வந்தபோது பொபாசூ என்ற மக்காசார்த் தலைவன் ஆறு கப்பலோடு எதிரே வந்தான். மொத்தம் அறுபது கப்பல் வந்திருக்கிறது என்றான். முன்பு அவன் முழங்காலில் ஈட்டி பாய்ந்திருக்கிறது. எல்லா வருஷமும் சுமுகமாகப் போகவில்லை.

டிசம்பர் 15
அப்பா எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை.

டிசம்பர் 16
சார்ஜ் இல்லையாம். கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன்.

டிசம்பர் 21
தூக்கம் இல்லை. 1906-ல், அப்போது இந்தக் கரையையும் ஆண்ட தென் ஆஸ்திரேலிய அரசு மக்காசார்க்காரர்களுக்கு இனி லைசென்ஸ் கிடையாது என்றது. 1907-ல் உசிங் டாயெங் ராங்கா என்ற மக்காசார்த் தலைவனின் கப்பல் திரும்பிப் போனதோடு சரி. அடுத்த டிசம்பரிலும் காற்று வழக்கம்போலத் திரும்பியிருக்கும். கரையில் நின்று பார்த்தவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? முடிவெடுத்தபோது அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அப்பாவுக்கு 2001 தெரியும். இந்தியாவில் அட்டைக்குத் தடை வந்ததும் கொப்பரைகளைக் கொல்லையில் கவிழ்த்தார். கடலைக் காப்பாற்றப் போட்ட சட்டம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் விடியற்காலையில் அவர் கரைக்குப் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 22
ரிப்போர்ட் வந்தது. திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

டிசம்பர் 26
மக்காசார்க்காரர்கள் தங்கிய இடத்தில் புளியமரம் நிற்கிறது. போட்டோ அனுப்பினேன். "காய்க்குதா தாயி?" காய்க்கிறது, பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள்.

டிசம்பர் 29
டிக்கெட் கிடைத்தது. டார்வின், சிங்கப்பூர், திருச்சி.
மக்காசார்க்காரர்களைத் தடுத்த பிறகு அங்கே அட்டையை யார் எடுத்தான் என்று அப்பா கேட்டார். உள்ளூர் வெள்ளைக்காரர்கள், அவர்கள் தொழிலுக்காகத்தான் தடையே என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், உசிங் ஆட்கள் ஊரில் என்ன வேலைக்குப் போனார்கள் என்றார். வந்து பேசலாம்ப்பா, சாப்பிட்டுப் படுங்க என்றேன்.