தாராசுரத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் பலர் வேன் பிடித்து நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள், அதனால் தஞ்சாவூர் சாலையில் நாலு கிலோமீட்டரில் இருக்கிற தாராசுரம் ஐராவதேசுவரரை விட்டுவிடுவார்கள். ஒரு விதத்தில் அது நல்லதுதான். நாங்கள் போன காலையில் வரிசையே இல்லை, தீபாராதனையில் சுவாமியை நின்று நிதானமாகத் தரிசிக்க முடிந்தது.

துர்வாசர் கொடுத்த மாலையை இந்திரன் யானையின் தலைமேல் வைக்க, அது கீழே தள்ளி மிதித்துவிட்டதாம். முனிவர் விட்ட சாபத்தில் ஐராவதத்தின் வெள்ளை நிறம் போய்விட்டது. இங்கே நீராடி, பூசை செய்து அந்த நிறத்தைத் திரும்பப் பெற்றது என்பது தலபுராணம், சுவாமியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். எமனுக்கும் இங்கே ஒரு கதை உண்டு. ரிஷி சாபத்தால் உடம்பெல்லாம் எரிய, இந்தக் குளத்தில் முழுகித்தான் எரிச்சல் தீர்ந்ததாம். எம தீர்த்தம் என்ற பெயர் அதனால் வந்தது. எமனே வந்து குணமாகிப் போன இடம் என்றால் நமக்கும் ஒரு தைரியம்தானே!

கோயிலைக் கட்டியது 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இந்த விமானம் சிறிசு, 24 மீட்டர்தான். ஆனால் தஞ்சையில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது, இங்கே குனிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வருகிறவர்கள் முன்மண்டபத்துக் கல் சக்கரத்தையும் தேரை இழுக்கிற குதிரையையும் படம் எடுத்துவிட்டு, பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் கேட்கும் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு (இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், தட்ட முடியாது) அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். யானையும் காளையும் ஒரே தலையில் இணைந்திருக்கிற சிற்பத்தை மட்டும் வழிகாட்டிகள் தவறாமல் காட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்து உடம்பை மறைத்தால் யானை, இன்னொரு பக்கத்தை மறைத்தால் காளை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் எனக்கு இந்தக் கோயில் என்றால் கருவறைச் சுவரின் அடிப்பகுதிதான். நாயன்மார் வரலாறு அங்கே சின்னச் சின்னக் காட்சிகளாக ஓடுகிறது, பல காட்சிகளுக்கு மேலே பெயரும் வெட்டியிருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் கட்டிய கோயிலில் அந்தக் கதைகள் கல்லில் ஏறிவிட்டன, பாடல் பரவிய சூட்டோடு செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைப் பாருங்கள், முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறது, எல்லாம் ஒரு சின்னக் கல்லுக்குள் அடங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து பேத்திக்குக் கண்ணப்பர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் சரபேசுவரர் சந்நிதியை மறக்க வேண்டாம், நரசிம்மரின் கோபத்தைத் தணிக்கச் சிவன் எடுத்த வடிவம் அது. அம்பாள் தெய்வநாயகிக்கு வடக்கே தனிக்கோயில். ஒரே வளாகத்தில் இல்லாததால் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் தேங்கும், தை மாசி பார்த்துப் போவது நல்லது. சாளுக்கியரின் கலியாணபுரத்தை வென்று முதலாம் இராசாதிராசன் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை ஒரு காலத்தில் தாராசுரத்தில்தான் இருந்தது, இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிலையின் பீடத்திலேயே அந்தச் சேதி வெட்டியிருக்கிறது. மறுநாள் தஞ்சை போகிறவர்கள் அவரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.