ஆனையிறவைப் பட்டா லொறியில ஏத்தின கதை

ஓகஸ்ட் 26, செவ்வாய்
நல்லூர்த் திருவிழா முடியட்டும் எண்டு தள்ளித் தள்ளி இப்ப ஞாயிறு மாதிரி ரெயில் கண்காட்சிக்கு அஞ்சே நாள். என்ர பலகையில செய்தது ஆனையிறவு உப்பளப் பக்கம், 4 அடி நீளம், களப்புக்கு ஊத்தின ரெசின் நல்லாக் காய்ஞ்சிட்டுது. அப்பா வந்து குனிஞ்சு பாத்திட்டு "உப்புக் காணாது" எண்டார். கறியுப்பைத் தூவினா ஈரம் இழுத்துத் தண்டவாளம் கறள் பிடிச்சிடும், அதால சுண்ணாம்புத் தூளைத் தேத்தண்ணி வடியால அரிச்சுத் தூவினன். வடியை அம்மா இன்னும் தேடுறா.

ஓகஸ்ட் 28, வியாழன்
மூண்டு பலகையையும் விறாந்தையில சேத்துப் பாத்தம். என்ரது, தம்பிப் பெடியன்ர சாவகச்சேரி, மச்சான்ர யாழ்ப்பாணம் ஸ்ரேசன். நடுவில பளையும் இல்ல கொடிகாமமும் இல்ல, அப்பாவுக்கு அது பெரிய குறை. ஒவ்வொரு பலகையிலயும் ஓரத்துக்கு 1 அங்குலம் முந்தியே தண்டவாளம் நிக்கும், சேத்து இறுக்கினாப் பிறகு 2 அங்குலத் துண்டால பாலம் போடவேணும். சாவகச்சேரி 3 மி.மீ. பதிவு, கால் போல்ற்றைத் திருகித் திருகி நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வர ஒரு மணித்தியாலம். பேந்து கரண்ட் குடுத்தா ஷோட்! ஆரோ முன் தண்டவாள வயரையும் பின் தண்டவாள வயரையும் மாறி ஈயம் வச்சிருக்கு. ஆரெண்டு சொல்லமாட்டன், வயர் என்ர பலகைக்குக் கீழதான் கிடந்தது.

மச்சான் பிறகு அளவுச் சண்டையைத் தொடங்கினார். எங்கட அசல் பாதை 5 அடி 6 அங்குல அகலம், மாதிரி அளவுக்கு 87ஆல பிரிச்சா 19 மி.மீ.க்கு மேல வரும், கடையில வாற ஹெச்.ஓ. (87இல ஒரு பங்கு மாதிரி) தண்டவாளம் 16.5 தான். உண்மைதான், ஆனா ரெண்டு நாளில ஆர் தண்டவாளம் செய்யிறது?

ஓகஸ்ட் 30, சனி, இரவு 11
ரெண்டு பலகையை முகத்துக்கு முகம் கவிட்டு, ரெண்டு பக்கமும் பலகைத்துண்டு திருகி, இடையில கை போற அளவு இடம் விட்டாச்சு. பனைமரங்கள் உயரம், அதால ஒவ்வொண்டாக் கழட்டி ரிஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) மட்டையில குத்தினன், 23 மரம். எம்2 டீசல் எஞ்சின் (பிளாஸ்ரிக் சீற்றில நானே வெட்டி ஒட்டினது, அசல் 1954இல கனடாவில இருந்து வந்தது) பழைய சாரத்துண்டு சுத்தி பிஸ்கற் ரின்னுக்க. 2 அங்குலத் துண்டுகள் பனடோல் போத்தலுக்க, அது என்ர சேட் பொக்கற்றில, அதை மட்டும் ஒருத்தரிட்டயும் குடுக்கமாட்டன்.

அப்பா பக்கத்தில இருந்து சிலிப்பர் கட்டையளை விரலால தடவிக்கொண்டிருந்தார். 90இல ரெயின் நிண்டாப்பிறகு உதெல்லாம் பங்கருக்குப் போனது, எங்கட வளவு பங்கருக்கும் ஆறு கட்டை கொண்டந்தனான் எண்டார். எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல. 2014இல முதல் ரெயின் யாழ்ப்பாணம் வந்தண்டு அவர் ஸ்ரேசன் பக்கமே போகாதது ஞாபகம் வந்தது, நான் ஒண்டும் கேக்கேல்ல.

ஓகஸ்ட் 31, ஞாயிறு, காலமை 6
பட்டா வந்திட்டுது. சோல்டரிங் அயன் எந்தப் பெட்டியில எண்டு தெரியேல்ல. முன் சீற்றில இடம் கிடக்கு, அப்பா பின்னால ஏறி ஆனையிறவைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார், இறங்கமாட்டாராம்.