இரண்டாவது தடவை வரவைப்பதுதான் வேலை

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு யாரும் வருவதில்லை. முதுகுவலி என்று வருவார்கள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, சுகர் இறங்க மாட்டேன் என்கிறது என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். மதுரைப் பக்கம் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். மனநோயை அதன் தொடக்கத்தில் நான் அதிகம் பார்த்தது மனநலப் பிரிவில் இல்லை; சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க விடியற்காலையிலேயே வந்து நிற்கும் வரிசையில்தான்.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தென்னாப்பிரிக்காவில் சர்க்கரை நோய் அதிகம் இருப்பதோ நம் இந்திய வம்சாவளியினரிடம். மனசு சோர்ந்தால் மாத்திரை போடவும், நடக்கவும், பார்த்துச் சாப்பிடவும் தோன்றாது, சுகர் ஏறும், ஏறினால் உடம்பு தள்ளாடும், மனசு இன்னும் விழும். இதோடு இந்த ஊருக்கென்று உள்ள பாரமும் சேர்கிறது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் சொந்த வீட்டை விட்டு விரட்டப்பட்டு, 1960களில் இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்கள். தையல் ஃபேக்டரியில் காலம் முழுக்க உழைத்து, 1990களில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் வேலை போன பெண்கள். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார்கள்.

ஒரு ஆன்ட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அறுபது தாண்டியவர். (இங்கே மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான், அவர்களுக்கு நான் சிஸ்டர்.) வரிசையில் நின்றால் முன்னே இருப்பவர், பின்னே இருப்பவர் எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்துவிடுவார். அன்றைக்குச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். சுகர் 17 காட்டியது. இங்கே அளவு முறை வேறு. இந்தியக் கணக்கில் 300க்கு மேல். பையைத் திறந்தால் போன மாதம் கொடுத்த மாத்திரை பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது.

"மாத்திரை போடலையா ஆன்ட்டி?"

"போடலாம்னுதான் சிஸ்டர் எடுத்து வைப்பேன். அப்புறம் என்னத்துக்குன்னு தோணும்."

"புரட்டாசி விரதம் எப்படிப் போகுது?"

"இந்த வருஷம் விரதமெல்லாம் இல்லம்மா. விளக்கே ஏத்தலை."

டர்பன் தமிழ் வீடுகளில் புரட்டாசி எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க மட்டன் கறி கேட்கும் வீட்டில்கூட அந்த மாதம் பாத்திரத்தைத் தனியாகத் தேய்த்து எடுத்து வைப்பார்கள். அந்த ஆன்ட்டி விளக்கேற்றவில்லை என்று சொன்னது, 17 என்ற எண்ணைவிட எனக்கு அதிகம் சொன்னது. மருந்து அட்டையை ஓரமாக வைத்துவிட்டு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன்.

அந்தக் கேள்விகள் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியவை. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனசு வாடி, நம்பிக்கை இழந்து எத்தனை நாள் இருந்தது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் படிவத்துக்குப் போவோம். அதில் 9 கேள்விகள், மொத்தம் 27. மதிப்பெண் 10ஐத் தொட்டால் சும்மா விடக்கூடாது. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைக் கேட்கத் தயங்குவார்கள். நாம் கேட்டு, அதனாலேயே அந்த எண்ணம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நான் பார்த்தவரை, கேட்டதும் பலருக்கு மூச்சு இலகுவாகிறது. ஆன்ட்டி, "காலையில எழும்பாமலே போயிட்டா நல்லதுன்னு தோணும். நானா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார். அப்புறம் அடுத்தடுத்துக் கேட்க வேண்டியவை உண்டு: ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா, வீட்டில் என்னென்ன மாத்திரை எவ்வளவு இருக்கிறது, ராத்திரி கூட யார் இருக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறிப் போட்டால் இதயத்தையே நிறுத்திவிடும். பயம் இருக்கும் ஆளிடம் மொத்தமாகக் கொடுக்காமல் வாரக் கணக்கில் கொடுப்பது அதனால்தான்.

இதுவரை சொன்னதைப் பல இடங்களில் செய்கிறார்கள். படிவம் நிரம்புகிறது, ஃபைலில் போகிறது, அத்தோடு முடிகிறது. என் கோபமெல்லாம் இங்கேதான். கண்டுபிடித்துவிட்டு விட்டுவிடுவதால் யாருக்கு என்ன லாபம்? 2002–2004இல் இந்த நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதத்தில் மனநலப் பிரச்சினை இருந்தவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். மீதி மூன்று பேரில் எத்தனை பேர் ஏதோ ஒரு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு பொறுக்கவில்லை.

முதல் தடவை பேசுவதைவிட இரண்டாவது தடவை வரவைப்பது கஷ்டம். மருந்தின் சுபாவமும் அப்படி. ஃப்ளூயாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரையை கிளினிக் டாக்டரே தொடங்கலாம், ஸ்பெஷலிஸ்ட் வேண்டியதில்லை. ஆனால் குமட்டல், தலைவலி, படபடப்பு முதல் வாரத்திலேயே வரும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஐந்தாம் நாளே டப்பாவை மூடி வைத்துவிடுவார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், இரண்டாம் வாரத்தில் கூப்பிட வேண்டிய தேதி. ஆன்ட்டியைக் கூப்பிட்டபோது மருமகள் எடுத்தார். "அவங்க மாத்திரையை நிறுத்தப் போறாங்க சிஸ்டர், வாந்தி வருதாம்" என்றார். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி, மறுநாளே கூட்டிவரச் சொன்னேன். அந்த ஒரு போன் இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும். சில மாதத்தில் சுகர் 9க்கு இறங்கியது.

லேசான நிலையில் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். அங்கேதான் சீக்கிரம் பார்ப்பதன் அருமை தெரியும். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்ய வைப்போம்: குளித்துவிட்டு கேட் வரைக்கும் நடப்பது, தங்கச்சிக்கு ஒரு போன் செய்வது. செய்யச் செய்ய மனசு பின்னாலேயே வரும். "தைரியமா இரு, கடவுளை நினை" என்று மட்டும் சொல்லும் வீட்டாரிடம், கூட நடந்து போங்கள் என்கிறேன்.

கடவுளை நினைக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரோ என்னமோ செய்துவிட்டார்கள் என்று நம்பி வருபவரோடு வாதாடினால் அடுத்த வாரம் வரமாட்டார். பூஜையும் செய்யுங்கள், இங்கேயும் வாருங்கள் என்பதே என் பேச்சு. கோயிலில் இருக்கும் பாட்டிமார்தான் யார் இரண்டு வாரமாக பஜனைக்கு வரவில்லை என்று முதலில் கவனிப்பவர்கள். பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தார். பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசி வழி தேடும் சந்திப்புகள், சுமார் ஆறு. அதன் பலனை முறையான ஆய்வாக 2016இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஹராரேயில் முடிந்தது ஆடி மாதம் கஞ்சி ஊற்றும் நம் மாரியம்மன் கோயில்களில் ஏன் முடியாது?

ஆண்கள் விஷயம் இன்னும் சிரமம். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் எரிந்து வேலை போனவர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு போனவர்கள் நெஞ்சுவலி என்று வந்தார்கள். ஈசிஜி சரியாக இருக்கும். குடிப்பது கூடியிருக்கும். வெள்ளம் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்போது எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று சிலர் வந்தார்கள். அப்படி ஒரே தடவை கிளறிவிட்டுப் போவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. முதலில் தங்க இடம், சாப்பாடு, காணாமல் போனவர் பற்றிய தகவல். பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்தும் தூங்காதவரை, பாட்டிலை விடாதவரைத் தேடிப் போக வேண்டும்.

தள்ளிப்போடுபவர்கள் பயப்படுவது ஆஸ்பத்திரிக்கு. 2016இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பகத்திலிருந்து மாற்றப்பட்ட மனநோயாளிகள் 144 பேர் செத்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆரம்பத்தில் வருபவரில் அநேகம் பேருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையே தேவைப்படாது என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

இந்த வருஷம் கோயில் கமிட்டிகளிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பூஜைத் தேதி எழுதும் பலகையில் மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு இலவச எண்ணையும் எழுதுங்கள்: 0800 567 567, இரவும் பகலும் எடுப்பார்கள். அப்புறம், பிரசாதம் கொடுக்கும் பெண்களில் நாலு பேரை ஒரு சனிக்கிழமை எனக்குக் கொடுங்கள், அந்த இரண்டு கேள்விகளையும் எப்படிக் கேட்பது என்று காட்டுகிறேன். பலகைக்குச் சிலர் சரி என்றுவிட்டார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் யோசிக்கிறார்கள். கஞ்சி பூஜை முடிந்ததும் திரும்பப் போய்க் கேட்பேன்.