திடீரென லாகின் திரை வருகிறதா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய், கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நிற்கிறது. "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை. பலருக்கு அது வீண் வேலை. கோளாறு விண்டோஸிலேயே இல்லாதபோது அதை அழித்து மறுபடி ஏற்றி என்ன பயன்?

கடவுச்சொல் போட்டு உள்ளே போனதும் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். நோயைப் பிரித்துச் சொல்வது அதுதான். திறந்து வைத்தவை எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தால், லேப்டாப் லாக் ஆகியிருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்லீப்புக்குப் போய் விழித்திருக்கிறது. எல்லாம் மூடிக்கிடந்தால் சைன் அவுட் அல்லது ரீஸ்டார்ட். பிரவுசரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகும் அது பழைய டேப்களோடு தானே திறந்துகொள்ளக்கூடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. அங்கே 'அப் டைம்' (கடைசியாக ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து ஓடிய நேரம்) சில நிமிடங்களே காட்டினால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் ரீஸ்டார்ட் இல்லை.

லாக் அல்லது ஸ்லீப் என்றால், பலரும் சந்தேகிக்காத ஒரு இடத்தை முதலில் பாருங்கள்: லேப்டாப்பின் மூடி. மூடியின் விளிம்பில் சின்னக் காந்தம் ஒன்றும், கீழ்ப்பகுதியில் அதை உணரும் ஹால் சென்சார் ஒன்றும் பல மாடல்களில் உண்டு. காந்தம் நெருங்கினால் மூடி சாத்தப்பட்டுவிட்டது என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும். அந்தக் காந்தம் மூடியில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கை வைக்கும் இடத்தில் கிடக்கும் இயர்பட்ஸ் டப்பா, காந்தப் பூட்டு உள்ள மொபைல் கவர், காந்தக் கொக்கி உள்ள வாட்ச் பட்டை, எதுவானாலும் போதும். ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்து வேலை செய்தாலும் இதே கதிதான்.

சோதிப்பது எளிது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் 'டூ நத்திங்' வையுங்கள். ஒரு நாள் முழுக்க லாகின் திரை வரவில்லை என்றால், அல்லது திரை மட்டும் அணைந்து கடவுச்சொல் கேட்காமலே திரும்பி வந்தால், சென்சார் பக்கம்தான் கோளாறு. பக்கத்தில் காந்தமே இல்லாமலும் இப்படி நடந்தால் சென்சாரையும் அதன் இணைப்பையும் பார்க்கச் சொல்லிக் கடையில் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த அமைப்போடு மூடிப் பையில் வைத்தால் லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டே இருந்து கொதிக்கும். பையில் வைக்கும் முன் நீங்களே ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

ஊகத்தை உறுதிசெய்ய ஈவன்ட் வியூவர் இருக்கிறது. லேப்டாப்பில் நடப்பவற்றை விண்டோஸ் எண் போட்டுக் குறித்து வைக்கும் பதிவேடு அது. விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் அதைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். திரை போன நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தால் தேட வேண்டிய பதிவுகள் நாலைந்துதான். கெர்னல் பவர் 42 என்றால் ஸ்லீப். மாடர்ன் ஸ்டேண்ட்பை (மொபைல்போல் உடனே விழிக்கும் புதிய வகை ஸ்லீப்) உள்ள புதிய லேப்டாப்களில் அதற்குப் பதில் 506. இரண்டிலும் காரணமும் எழுதியிருக்கும். நீங்கள் மூடியையோ பவர் பொத்தானையோ தொடாத நேரத்தில் அங்கே 'லிட்' என்று இருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று.

ஸ்லீப் பதிவே இல்லாமல் வெறுமனே லாக் ஆகிறதா? செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போய் டைனமிக் லாக் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ப்ளூடூத்தில் இணைந்த மொபைல் விலகிப் போனால் ஒரு நிமிடம்போல் கழித்து லாக் செய்யும் வசதி. மொபைலை அடுத்த அறையில் சார்ஜ் போட்டாலும் லாக் ஆகலாம். ஸ்கிரீன் சேவர் அமைப்பில் 'ஆன் ரெஸ்யூம்' டிக்கையும் பாருங்கள். அது இருந்தால் ஸ்கிரீன் சேவரிலிருந்து திரும்பும்போது லாகின் திரை வரும். அலுவலக லேப்டாப்பாக இருந்து, கை வைக்காத சமயத்தில் சரியாக 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் ஆனால், அது அலுவலகம் வைத்த பாதுகாப்பு விதியாக இருக்கும். அதை ஐடி பிரிவுதான் மாற்ற முடியும்.

ரீஸ்டார்ட் என்றால் அதே சிஸ்டம் பதிவில் 1074 இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எந்த நிரல் ரீஸ்டார்ட் கேட்டது என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். அதில்லாமல் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் லேப்டாப் முறையாக அணையவில்லை என்று பொருள். அதன் டீட்டெயில்ஸில் 'பக்செக் கோட்' 0 என்றால் கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது எல்லாம் அப்படியே உறைந்திருக்கலாம். பேட்டரி, சார்ஜர், சார்ஜர் முனை, சூடு இவற்றைப் பாருங்கள். 0 அல்லாத எண் இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் பெரும் பிழையால் நின்றுபோகும்போது வரும் திரை) வந்து போயிருக்கிறது. அது கண்ணில் படாமல் ஓடிவிடுவதற்குக் காரணம் தானியங்கி ரீஸ்டார்ட். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை நீலத்திரை நின்று பிழைக் குறியீட்டைக் காட்டும். மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைன் அவுட் ஆகிறது, ஆனால் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் (வின்லோகான் 7002 பதிவு அதைக் காட்டும்) முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) மேல். அதே நேரத்தில், அந்த டிரைவர் நின்று மீண்டதைச் சொல்லும் 4101 பதிவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். அண்மையில் அப்டேட் ஆன பிறகுதான் தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர், ப்ராபர்ட்டீஸ், 'ரோல் பேக் டிரைவர்'.

கடவுச்சொல் போட்ட உடனேயே மறுபடி லாகின் திரைக்குத் தள்ளினால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், அங்குள்ள ரீஸ்டார்ட்டைக் கொடுத்து, பட்டியல் வந்ததும் எண் 4-ஐ அழுத்தி சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் நிலை) நுழையுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயைக் கேட்கலாம், முன்பே எடுத்து வையுங்கள். சேஃப் மோடில் நிலைத்து நின்றால், கடைசியாக ஏற்றிய மென்பொருளையும் டிரைவரையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அங்கேயும் தள்ளினால், எதையும் அழிக்கும் முன் பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி பூட் செய்து உங்கள் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.