ஹாலில் மிஞ்சும் தரை

மூலைக்கு எல் வடிவ சோபா வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தால், எங்களிடமிருந்து போகும் முதல் கேள்வி, வீட்டில் ஜெபக் கூட்டம் உண்டா என்பதுதான். குமரி மாவட்டத்து வீடுகளில் ஹால் என்பது டிவி பார்க்கும் அறை மட்டுமாக இருந்ததே இல்லை. அன்பியக் கூட்டம் (பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது), கணபதி ஹோமம், பெண் பார்க்க வருவது, பிள்ளைக்குப் பெயரிடுவது, வீட்டில் ஒரு சாவு என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அறைதான். பாய் விரித்து முப்பது பேர் தரையில் உட்கார வேண்டிய அன்று, நடுவில் பத்தடி நீள சோபா அசையாமல் கிடந்தால் வீட்டுக்காரருக்குத் தர்மசங்கடம். அரை மணி நேரத்தில் இரண்டு ஆட்கள் கழற்றி, முன்வாசல் திண்ணையான சிட் அவுட்டுக்கோ மாடிப்படிக்கு அடியிலோ மாற்ற முடிகிற சோபாவே இந்த ஊருக்குச் சரி. இந்த வேலையில் இருக்கும் எங்கள் கணக்கெல்லாம் சோபா போட்ட பிறகு மிஞ்சும் தரையிலிருந்துதான் தொடங்கும்.

"ஆறு சீட்டர்" என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். ஒருவர் நெருக்கமில்லாமல் உட்கார 24 இன்ச் வேண்டும். மூன்று சீட்டுக்கு 72, மூலைக்கட்டை 36, கைப்பிடி 8 என்று கூட்டினால் ஒரு பக்கம் 116 இன்ச். மறுபக்கம் இரண்டு சீட்டுக்கு 48, அதே மூலை 36, கைப்பிடி 8, ஆக 92. ஏறக்குறைய பத்தடிக்கு எட்டடி போய்விட்டது. இதில் மூலையில் உட்கார்ந்தவரின் முழங்கால் இரு பக்கத்தாரோடும் முட்டும் என்பதால், விருந்தாளிகள் வந்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். குழந்தைகளும் தலையணையும்தான் அங்கே குடியிருக்கும். ஆறு என்று விற்பதில் வசதியாக உட்காருபவர்கள் ஐந்து பேர்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் இந்த அளவைப் போட்டால் வீடு சோபாவுக்குள் குடியேறிவிடும். அந்த அறைக்கு மூலைக்கட்டையை மறந்துவிட வேண்டும். இரண்டு சீட்டும், கால் நீட்டிச் சாயும் நீள இருக்கையான ஒரு லவுஞ்சரும் போதும். சீட்டுக்கு 48, லவுஞ்சருக்கு 30, ஒரு பக்கக் கைப்பிடிக்கு 6 என மொத்தம் 84 இன்ச். லவுஞ்சர் சோபாவின் முதுகிலிருந்து முன்னால் நீளும் அளவு 60-ஐத் தாண்டக் கூடாது. பன்னிரண்டடிச் சுவரை ஒட்டி இதைப் போட்டால் எதிர்ச்சுவர் வரை இருப்பது 120 இன்ச். சுவருக்கும் சோபாவுக்கும் இடைவெளி 4, சோபாவின் ஆழம் 34, டிவி யூனிட் 14 போக மிஞ்சுவது 68. இதில் 16 இன்ச் தள்ளி 18 இன்ச் அகல டீப்பாய் வைத்தாலும், டிவி யூனிட்டுக்கு முன்னால் நடக்க 34 இன்ச் இருக்கும். லவுஞ்சர் நுனிக்கும் டிவி யூனிட்டுக்கும் நடுவே 42 இன்ச். ஓர் ஆள் குடத்தோடு தாராளமாகப் போகலாம். நடைவழி 30 இன்சுக்குக் கீழே இறங்கினால் இடுப்பு இடிக்கும். 24 என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும்.

லவுஞ்சர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான். வாசலிலிருந்து அடுக்களைக்குப் போகும் காலடித்தடத்தை அது வெட்டக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் நாளுக்கு நூறு முறை நடக்கும் வழி அது. காகிதத்தில் வரைந்து பார்ப்பதைவிடப் பழைய நாளிதழ்களைச் சோபாவின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்துவிட்டு, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள் என்று சொல்வோம். முதல் நாள் மாலைக்குள் தாள் எந்த இடத்தில் கிழிந்திருக்கிறதோ அந்த இடத்தில் சோபா வரக்கூடாது.

இனி, இந்த வேலையில் அதிகமாகப் பணம் வீணாகும் இடம்: இடதா, வலதா. சோபாவுக்கு எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கம் இருக்கும் லவுஞ்சர், அதில் உட்கார்ந்தவருக்கு வலப்பக்கம். ஒரு கடையில் எதிரே நின்று சொல்வார்கள். இன்னொரு பட்டறையில் உட்கார்ந்து சொல்வார்கள். "லெஃப்ட் லவுஞ்சர்" என்று போனில் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தால், வண்டியிலிருந்து இறங்கும்போது வாசலை மறித்துக்கொண்டு வந்து நிற்கும். துணி வெட்டித் தைத்த பிறகு கைப்பிடியை மாற்றுவதென்றால் பாதிச் சோபாவை உரிக்க வேண்டும். ஆகவே இடது, வலது என்ற சொற்களையே ஆர்டரில் எழுதாதீர்கள். அறையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு கட்டம் வரைந்து வாசல், ஜன்னல், டிவி மூன்றையும் குறித்து, லவுஞ்சர் வரும் இடத்தில் "ஜன்னல் பக்கம்" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இடம் மாறாது.

பன்னிரண்டுக்குப் பதினாலு அடி ஹாலுக்கு அந்த 116-க்கு 92 அளவு சரியாகப் பொருந்தும். இரு சுவரிலும் 4 இன்ச் விட்டால், சோபாவின் இரண்டு நுனிக்கும் அப்பால் 48 இன்ச் மிஞ்சும். கதவு அங்கே வந்தாலும் இடிக்காது. எல்லுக்கு உள்ளே 80-க்கு 56 இன்ச் தரை கிடைக்கும். அதில் 30 இன்ச் சதுர டீப்பாய் போட்டு இரு பக்கமும் 16 இன்ச் விடலாம். டீப்பாய் 14 இன்சுக்கும் நெருங்கினால் முழங்கால் தட்டும்; 18-ஐத் தாண்டித் தள்ளிப்போனால் டீ டம்ளரை எடுக்க எழுந்து குனிய வேண்டும்.

இந்த அறையில் சிக்கல் மின்விசிறி. அது ஹாலின் நடுவில் தொங்கும். மூலையில் உட்கார்ந்தவர் அதிலிருந்து ஆறரை அடி தள்ளி இருப்பார். 48 இன்ச் விசிறியின் காற்று அவ்வளவு தூரம் வலுவாகப் போகாது. ஏப்ரல், மே புழுக்கத்தில் எல்லோரும் சோபாவை விட்டிறங்கி விசிறிக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான். மூலைக்கு எதிர்ச்சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு சுவர் விசிறிக்கு, பூச்சு வேலை நடக்கும்போதே பாயின்ட் விட்டுவைப்பது நல்லது. ஜன்னலும் அப்படித்தான். ஜன்னல் திண்டு 30 இன்ச் உயரத்தில் இருந்து, சோபாவின் சாய்மானம் 36 இன்ச் என்றால் ஜன்னலின் கீழ் 6 இன்ச் வழியே வரும் கடல் காற்று நின்றுபோகும். ஜன்னலுக்குக் கீழே சாய்மானம் தாழ்ந்த துண்டு வரும்படி கேட்டு வாங்குங்கள். சுவரில் தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்டை சோபா மறைக்குமா என்பதையும் அன்றே பார்த்து, மறைத்தால் ஒரு எக்ஸ்டென்ஷனை முதலில் வெளியே இழுத்துவிட்டுத்தான் சோபாவைத் தள்ள வேண்டும்.

பதினாறுக்கு இருபத்துநாலு அடி ஹால்கள் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துப் புது வீடுகளில் நிறைய. மாடிப்படி ஹாலுக்குள்ளேயே ஏறும். கூரை இரண்டு மாடி உயரத்தில் இருக்கும். இங்கே நடக்கும் தவறு, எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி நடுவில் கபடி ஆடும் அளவுக்குத் தரையை விடுவது. பெரிய சோபா வாங்கியும் எதிரெதிரே இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். ஆளுக்கு ஆள் எட்டடிக்குள் இருந்தால்தான் பேச்சு பேச்சாக இருக்கும். சோபாவைச் சுவரிலிருந்து பிரித்து ஹாலுக்குள் கொண்டு வாருங்கள். அதன் முதுகு சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பி நின்றால் ஹாலும் டைனிங்கும் தடுப்புச்சுவர் இல்லாமலே பிரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் 36 இன்ச் நடைவழி விட வேண்டும். இப்படிப் போடப்போவதை ஆர்டரின்போதே சொல்லவில்லை என்றால், பின்பக்கம் மெல்லிய கறுப்புத் துணியை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சுவரோரம் போகும் சோபாவுக்கு அதுதான் வழக்கம். டிவியை மாட்டும்போது இருபத்துநாலு அடிச் சுவரின் நடுவைத் தேட வேண்டாம். சோபாவின் நீளப்பக்கத்துக்கு நடுவே ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு நேரே குறியிடுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் பல இடங்களில் நாளையே முழுங்கும் வேலை. கதவுச் சட்டத்தின் வெளி அளவை எடுத்துவிட்டு மூன்றரை அடி என்று சொல்வார்கள். கதவைத் திறந்தபின் உள்ளே கிடைப்பது 36 இன்ச்தான் இருக்கும். துண்டின் ஆழம், சாய்மான உயரம் இரண்டில் எது சிறியதோ அது அந்த 36-ஐவிட ஓர் இன்சாவது குறைவாக இருக்க வேண்டும். எந்தத் துண்டும் 80 இன்ச் நீளத்தைத் தாண்டக் கூடாது; அப்போதுதான் ஏழடிக் கதவிலும் படித்திருப்பத்திலும் செங்குத்தாக நிறுத்தித் திருப்ப முடியும். கால்கள் திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் இன்னும் சில இன்ச் மிச்சம். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் வண்டி நுழையாத சந்துகளும் உண்டு; அங்கே கையில்தான் தூக்கிப் போக வேண்டும் என்பதால் துண்டின் எடையையும் கேட்டுக்கொள்வோம்.

துண்டுகளை இணைக்கும் பிராக்கெட் சின்னச் சாமான்தான். ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் பள்ளம். ஒரு துண்டை நான்கு இன்ச் தூக்கி, நேராக அணைத்து, மெல்ல இறக்கினால் "டக்" என்று உட்காரும். தூக்காமல் தரையோடு தள்ளிப் பொருத்தினால் நாக்கு வளையும். வளைந்ததை மறுபடி கழற்றும்போது திருகு மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். பழைய சிவப்புத் தரை வீடுகளில் தண்ணீர் வழிய வாட்டம் விட்டிருப்பார்கள். அந்த வாட்டத்தில் இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது. கால் அடியில் ரப்பர் புஷ் வைத்து மட்டம் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். அட்டையை மடித்து வைப்பது முதல் துடைப்பிலேயே ஊறிப்போகும். இந்த வேலை நடக்கும்போதெல்லாம் வீட்டில் மூத்த அம்மா ஒருவர் கதவோரம் நின்று, "மக்களே, அதக் கொஞ்சம் அங்கோட்டு நீக்கிப் போடு" என்பார். கேட்டுச் செய்யுங்கள். அந்த ஹாலில் யார் எப்படி நடக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அவரைப் போன்றவர்கள் உட்கார இந்தச் சோபா உதவுமா என்பதையும் யோசிக்க வேண்டும். ஆழம் கூடிய, 15 இன்ச் உயரச் சீட்டில் முதியவர் உட்கார்ந்தால் எழுவதற்கு ஒரு கை தேடுவார். ஆள் உட்கார்ந்தால் ஃபோம் இரண்டு இன்ச் அமுங்கும். ஆகவே சீட் உயரம் 18 இன்ச் வேண்டும், கைப்பிடி உள்ள நுனி இருக்கை வாசலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வீட்டில் பழைய சாய்வு நாற்காலி இருந்தால் அதைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். எல்லின் திறந்த பக்கத்தில் அது நின்றால் ஹாலுக்கும் ஒரு முகம் வரும்.

இந்தச் சிறிய மாவட்டத்துக்குள்ளேயே சோபாவுக்கு மூன்று விதமான எதிரி. கடலோரத்தில் உப்புக்காற்று. சீட்டுக்கு அடியில் போடும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடியும். துணியை அடிக்கும் சாதாரண ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்து, வெளிர் துணியின் விளிம்பில் பழுப்புக் கோடாகத் தெரியும். அங்கே எலாஸ்டிக் பெல்ட்டும் ஸ்டெயின்லெஸ் பின்னும் கேளுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே அடிக்கும் காற்று கொண்டுவரும் தூசி, முரட்டு நெசவுத் துணிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; நெருக்க நெசவு, நடுத்தர நிறம், கழற்றித் துவைக்கும் ஜிப் உறை மூன்றும் அங்கே கட்டாயம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஈரம். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்யும் மண்ணில், சுவரை ஒட்டிய சோபா முதுகில் பூசணம் பூக்கும். முன்பு சொன்ன 4 இன்ச் இடைவெளி காற்று போவதற்காகத்தான்.

ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்பதால் உள்சட்டத்துக்கு ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது. போராக்ஸ், போரிக் மருந்து ஏற்றி உலர்த்திய ரப்பர் மரம் நல்ல மரம்; பச்சையாக அறுத்து அடித்தால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். வைரம் பாய்ந்த ஆஞ்சிலி மரம் கிடைத்தால் சிதல் (கரையான்) பயம் குறையும். பிளைவுட் என்றால் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர் தரம். துணி அடிக்கும் முன் சட்டத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பட்டறை தயங்காமல் அனுப்பும். சீட்டு ஃபோமுக்கு 40 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ), குறைந்தது 32. பளபளக்கும் பியூ லெதரெட் என்ற செயற்கைத் தோல் இந்த ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியும். தைத்ததன் குறை அல்ல அது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சையே சிதைக்கின்றன. துணியே மேல்.

அலங்காரத்துக்குச் சொல்ல அதிகமில்லை. எல்லுக்கு ஐந்து குஷன் போதும். மூலையில் 18 இன்ச் இரண்டும், நுனிகளில் 16 இன்ச் ஒவ்வொன்றும், லவுஞ்சரில் நீளமானது ஒன்றும் வைக்கலாம். அதற்கு மேல் போனால் வருகிறவர் குஷனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தரைக்குத் தடித்த கார்ப்பெட் வேண்டாம். மழை மாதங்களில் அது காயவே காயாது. ஐந்துக்கு ஏழு அடியில் மெல்லிய பருத்தி ஜமுக்காளம் ஒன்று, சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறும்படி விரித்தால் எல் முழுவதும் ஒன்றாகத் தெரியும். அழுக்கானால் துவைத்துக் கொடியில் போடலாம்.

சோபாவின் கால் 5 இன்ச் உயரம் இருக்கட்டும். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீடுகளில், தரையோடு ஒட்டிய அடிப்பலகை தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். துடைப்பம் உள்ளே போகாத இடத்தில் கரப்பானும் பல்லி முட்டையும் சேரும். மே கடைசியில், மழைக்கு முன், பிராக்கெட்டைக் கழற்றித் துண்டுகளைப் பிரித்து, உறைகளைத் துவைத்து, ஃபோமை ஒரு பகல் நிழலில் காற்றாட நிறுத்தி, அடியில் அடித்த கறுப்புத் துணியைத் தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் வண்டு. மண்கோடு ஓடியிருந்தால் சிதல். இரண்டுமே அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியவை.