எட்டு நிற்கும் இடத்தில் ஐந்து

எங்கள் கார் ஷெட்டுக்கு மேஸ்திரி போட்டுக் கொடுத்த முதல் படத்தில் எட்டு கார் நின்றது. 40 அடி அகலத்தில் நான்கு, அதற்குப் பின்னால் இன்னொரு நான்கு. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, வாயெல்லாம் பல். "இப்ப இருக்கறது அஞ்சு. இன்னும் மூணு வாங்கலாம்மா" என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பின்வரிசை அம்பாசிடரை ஞாயிற்றுக்கிழமை எடுக்கணும் என்றால், முன்னால் நிற்கும் இன்னோவாவை எடுத்து எங்கே விடுவது? எங்கள் தெரு 20 அடி. ஒரு ஓரம் முழுக்க ஆட்டோவும் மீன் வண்டியும். அந்தப் படம் அப்படியே மடித்து பீரோவுக்குள் போய்விட்டது.

திருவொற்றியூரில் தேரடிக்குக் கிழக்கே, கடலை நோக்கிப் போகிற தெருக்களில் ஒன்றில் இருக்கிறோம். வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு காலத்தில் மாமாவின் அப்பா கருவாட்டுக் கிடங்கு வைத்திருந்தார். ஓடு சரிந்து கிடந்த அந்தக் கிடங்கை இடித்துவிட்டுத்தான் கார் ஷெட் கட்டுகிறோம். சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டது போக, கூரை போட மிஞ்சியது 40-க்கு 60, அதாவது ஒரு கிரவுண்டு. ஒரு வீட்டுக்கு இவ்வளவு பெரிய ஷெட்டா என்று தெருவில் கேட்கிறார்கள். மாமா எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலையில் ஆரம்பத்தில் லாரி கிடையாது, ஆஸ்டின் ஏ40 கார்தான் கோர்த்தார்கள் என்ற கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்ததில்லை. அவருக்கு ஒரு அம்பாசிடர் மார்க் 4, ஒரு பத்மினி, ஒரு மாருதி 800. கொழுந்தனாருக்கு இன்னோவா கிரிஸ்டா. எங்களுக்கு எலக்ட்ரிக் நெக்ஸான்.

நான் டிப்ளமோ சிவில். இப்போது பார்ப்பது பாரிமுனையில் கணக்கு வேலை என்றாலும், டேப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. முதலில் கார்களை அளந்தேன். இன்னோவா பதினைந்தரை அடி நீளம், ஆறடி அகலம், கண்ணாடிகள் தனி. அம்பாசிடர் பதினாலடி சொச்சம், அகலம் ஐந்தரை. மாருதி 800 பதினொரு அடிதான். நம் ஊர் கட்டட விதி ஒரு காருக்குக் கேட்பது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அடிக்கணக்கில் எட்டேகாலுக்குப் பதினாறரை. அது காரை நிறுத்தப் போதும். மூட்டு வலிக்காரர் கதவை முழுக்கத் திறந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போதாது. அதனால் ஒரு காருக்கு 10 அடி அகலம், 17 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மனையைத் திருப்பிப் பார்த்தேன். கார்கள் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? இடது சுவரை ஒட்டி, பக்கவாட்டில் வரிசையாக ஐந்து. சுவர் போக உள் அகலம் முப்பத்தெட்டரை அடி. அதில் 17 அடி கார்களுக்கு, மீதி இருபத்தொன்றரை அடி நெடுக ஒரே ஓட்டுபாதை. வாசல் கேட் அந்தப் பாதையின் முனையில். எந்தக் காரையும் நகர்த்தாமல் எந்தக் காரும் வெளியே வரலாம். உள்ளேயே திரும்பி, முகத்தைத் தெருப்பக்கம் காட்டி வரலாம். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற தெருவில் பின்பக்கமாக ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது.

"எட்டு நிக்கிற எடத்துல அஞ்சா?" என்று மாமா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சரி, தாளில் பேசிப் பயனில்லை என்று மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொன்னேன். சுவர், பில்லர், கார் நிற்கிற கட்டம், எல்லாம். பில்லர் வரும் இடங்களில் காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்தோம். அம்பாசிடரை மாமாதான் ஓட்டினார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்கத் தோள்பட்டை வேண்டும். முதல் கட்டத்தில் சுலபமாக ஏறியது. இரண்டாவதில் ஏறும்போது டங்கென்று ஒரு சத்தம். டப்பா உருண்டது. அந்த பில்லரைக் கட்டத்தின் வாயிலேயே, ஓட்டுபாதை ஓரமாக வைத்திருந்தார் மேஸ்திரி. நான்கடி உள்ளே தள்ளச் சொன்னேன். அங்கே வைத்தால் கார் வளைந்து ஏற வாய் அகலமாகிறது. முன்பக்கமாக ஏற்றினால் பில்லர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும், பின்பக்கமாக ஏற்றினால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில். எப்படி நிறுத்தினாலும் கதவுக்கு நேரே வராது. அந்த நான்கடிதான் இந்த ஷெட்டின் உயிர். அடுத்த முறை மாமா ஒரே வளைவில் ஏற்றிவிட்டு, இறங்கி, ஒன்றும் பேசாமல் டப்பாவைத் தட்டிப் பார்த்தார். "அண்ணி ஜெயிச்சாச்சு" என்றார் கொழுந்தனார்.

இரண்டு காருக்கு ஒரு பில்லர் என்று 20 அடி இடைவெளி. ஐந்தாவது கட்டம் மட்டும் 12 அடி. கடைக்கோடியில் ஆறரை அடிக்குக் குறுக்கே வேலை மேசை, கம்ப்ரஸர், புதுப்பேட்டையில் மாமா வாங்கிச் சேர்த்த பழைய கார் பாகங்கள்.

மண்தான் பெரிய தலைவலி. அத்தனை வருஷம் கருவாட்டு உப்பு இறங்கிய மண். பழைய சுவரின் அடியில் விரலால் தேய்த்தால் வெள்ளையாக உவர் உதிரும். உப்பு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், மேலே இருப்பதைப் பிளந்து தள்ளும். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு வேறு மண் நிரப்பினோம். அடித்தளத்தில் கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை நானே எண்ணி வைக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கலவைக்கும், கான்கிரீட்டை நனைத்து வைக்கிற க்யூரிங்குக்கும் லாரித் தண்ணீர்தான். செலவைப் பார்த்து மேஸ்திரி முனகினார், முனகட்டும்.

அடுத்தது தரைமட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் தண்ணீர். எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் மிதந்தது அப்போதுதான். மூன்றடி ஏற்றிவிடலாம் என்றார் கணவர். ஏற்றலாம், கார் ஏற வேண்டாமா? ஓர் அடி ஏற எட்டடி நீளம் என்பது கணக்கு. வாசலில் எங்களுக்கு இருப்பது 12 அடி, ஆக ஒன்றரை அடி உயரம்தான் கிடைக்கும். சாய்வை ரோட்டுக்கு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைத்தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுகிற அந்த வேலை நமக்கு வேண்டாம். அந்த ஒன்றரை அடியையும் தாண்டித் தண்ணீர் வந்தால்? அதற்காகத்தான் பிளக் பாயின்ட், நெக்ஸானின் 7.2 கிலோவாட் சார்ஜர், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிபி பெட்டி எல்லாமே நாலரை அடிக்கு மேலே. உள்ளே தரைக்கு நூறுக்கு ஒன்று வாட்டம், ஓட்டுபாதை நடுவில் சின்ன வாய்க்கால். அதன் மேல் மூடி அரை அங்குலக் கண்ணிக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பெருச்சாளிகளுக்கு கார் ஒயர் என்றால் அவ்வளவு இஷ்டம்.

மாமா கேட்டு நான் மறுத்தது ஒன்று உண்டு, டிப்போக்களில் இருக்கிற மாதிரி காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளம். எங்கள் தெருவில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும், ஐப்பசியில் அது பள்ளமாக இருக்காது, கிணறாகத்தான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், நேரே அங்கே போய்த் தேங்கும், ஒரு பல்பு ஒயர் பொறி போதும். அதற்குப் பதிலாகத்தான் ஐந்தாவது கட்டத்தில் காரைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு கால் லிஃப்ட். அங்கே மட்டும் கூரை 13 அடி, மற்ற இடத்தில் 10. தரை கான்கிரீட்டும் அங்கே தடிமனாக வேண்டும், போல்ட் பிடிக்க.

விளக்கை காருக்கு நேர் மேலே போட்டால் வெளிச்சமெல்லாம் காரின் கூரைக்குத்தான். இரண்டு காருக்கு நடுவில் போடச் சொல்லியாச்சு. கிழக்குச் சுவரில் ஜன்னல் கிடையாது, உச்சியில் வென்டிலேட்டர் மட்டும். மத்தியானக் கடல்காற்று உப்போடு வருகிறது, பத்மினியின் அடித்தகடு ஏற்கெனவே அதற்குச் சாட்சி. மூச்சு விட வடக்கிலும் தெற்கிலும் ஓட்டை போட்ட ஜாலி கற்கள் வைத்திருக்கிறேன். வாஸ்து பார்க்க வந்தவர் சார்ஜரை அக்னி மூலைக்கு மாற்றச் சொன்னார். அங்கே ஒயர் இழுக்க ஆகும் காசைச் சொன்னதும், "இங்கயே இருக்கட்டும், தப்பில்ல" என்றார்.

கேட் இன்னும் முடிவாகவில்லை. உருட்டு ஷட்டர் இந்தக் காற்றில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது தெருவில் மூடிக்கிடக்கும் கடைகளைப் பார்த்தாலே தெரிகிறது, சுருள் பெட்டி வேறு தலைக்கு மேல் ஒன்றரை அடியைத் தின்னும். தள்ளு கேட்டுக்குத்தான் என் ஓட்டு. கொழுந்தனாருக்கு ரிமோட் வேண்டுமாம். திங்கட்கிழமை மேஸ்திரி கம்பி கட்ட வருகிறார். அதற்குள் லிஃப்ட் கால் எங்கே வரும் என்று அளந்து குறித்துக் கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்குத் தனியாக ஒரு கம்பி வலை போகிறது.